பனியன் கம்பெனி வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறது, டெலிவரிக்கு 8 நாள்தான் இருக்கிறது

தறிக்காரன் மகன்:
வணக்கம். கல்யாண வீடியோவிலிருந்து கம்பெனி வீடியோ பக்கம் இப்போதுதான் வந்திருக்கிறேன், முதல் பெரிய வேலையே இப்படி மாட்டிக்கொண்டது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனிக்கு 3 நிமிட அறிமுக வீடியோ, வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்புவதற்கு. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று 2 நாள் எடுத்தோம், முதலாளி பேட்டி தனியாக 22 நிமிடம்.

எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மானிட்டரில் போட்டால் செக்கிங்கிலும் ஓவர்லாக் லைனிலும் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. ஆபீஸ் ரூமிலும் கட்டிங் டேபிளிலும் படம் சுத்தமாக இருக்கிறது. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், எல்லாம் 4கே, நொடிக்கு 30 ஃப்ரேம் (படம்), ஷட்டர் 1/60 நொடி. ஊசி ஓடுவதை மட்டும் 120 ஃப்ரேமில் ஸ்லோமோஷன் எடுத்தேன், அது டிஸ்கோ லைட் மாதிரி இருக்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை.

அடுத்தது, பேட்டிக்கு இரண்டாவது கோணமாக போனை வைத்திருந்தேன். தொடக்கத்தில் கை தட்டிய இடத்தில் ஒலியைச் சேர்த்தால் 10 நிமிடம் கழித்து உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இதெல்லாம் போதாதென்று முதலாளியின் மகன் நேற்று ராத்திரி "அப்படியே 30 செகண்ட் ரீல்ஸ் நாலு போட்டுக் கொடுத்துருங்க" என்று வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். கொட்டேஷனில் ரீல்ஸ் என்ற பேச்சே இல்லை. கேமராவை சர்வீஸுக்குக் கொடுப்பதா, முதலில் எதைப் பார்ப்பது?

கோவை லைட்மேன்:
தம்பி, சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய சோக் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி பட்டியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/60 நொடிக்குள் ஒன்றரைத் துடிப்புக்குக் கொஞ்சம் மேலே விழும், முழுசாக இரண்டு விழாது. சென்சார் வரி வரியாகப் படிப்பதால் ஒரு வரிக்கு வெளிச்சம் அதிகமாகவும் இன்னொரு வரிக்குக் குறைவாகவும் போய்ச் சேருகிறது, நீங்கள் பார்க்கிற பட்டை அதுதான். 1/50 வைத்திருந்தால் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 என்றால் ஒன்று, பட்டை வராது. 30 ஃப்ரேமிலேயே 1/50 வைக்கலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். "ஃப்ரேம் ரேட்டுக்கு இரண்டு மடங்கு ஷட்டர்" என்று யூடியூபில் அமெரிக்காக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. அவர் ஊரில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், 1/60 அங்கே ஒத்துப்போகும்.

ஆபீஸில் நல்ல டிரைவர் (கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் சர்க்யூட்) வைத்த எல்இடி போட்டிருப்பார்கள், கட்டிங் டேபிள் பக்கம் ஜன்னல் இருந்திருக்கும். சரிதானே?

120 ஃப்ரேமை மறந்துவிடுங்கள். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே அதிகபட்சம் 1/120 நொடி, அதற்குள் ஒரு துடிப்புகூட முழுசாக வராது, ஷட்டரை எப்படித் திருகினாலும் பிரயோஜனம் இல்லை. மெனுவில் PAL (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை) என்பதற்கு மாற்றினால் 100 ஃப்ரேம் கிடைக்கிறதா பாருங்கள், கிடைத்தால் அதில் ஷட்டர் 1/100. சில மாடலில் மாற்றியதும் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், ஏற்கெனவே எடுத்த கிளிப்புகளை காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ராத்திரி எடிட்டர்:
ரீஷூட்டுக்கு முன்னால் ஒரு வழி. டாவின்சி என்ற எடிட்டிங் மென்பொருளின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் இந்தத் துடிப்பைக் குறைக்கும் டீஃப்ளிக்கர் இருக்கிறது, இலவசத்தில் இல்லை. இல்லாவிட்டால் அதே கிளிப்பை டைம்லைனில் மூன்று அடுக்காக வையுங்கள். அடியில் இருப்பது 100 சதவீதம், நடுவில் ஒரு ஃப்ரேம் தள்ளி 50 சதவீதம், மேலே இரண்டு ஃப்ரேம் தள்ளி 33 சதவீதம் ஒபாசிட்டி (அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு). 30 ஃப்ரேமில் இந்தப் பட்டை மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும், அதனால் மூன்றையும் கலந்தால் சமமாகிவிடும். கை கால் வேகமாக அசைகிற இடத்தில் மட்டும் உருவம் இரண்டு மூன்றாகத் தெரியும்.

எடிட் டேபிள் அக்கா:
ஒலி விஷயம் நான் சொல்கிறேன். போன் ஒரே சீராக 30 ஃப்ரேம் எடுக்காது, சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்றபடி ஏறி இறங்கும். நேராக டைம்லைனில் போட்டால் விலகத்தான் செய்யும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' (மாறாத ஃப்ரேம் எண்ணிக்கை) தேர்ந்தெடுத்து, உங்கள் கேமரா கிளிப்பில் என்ன எண் இருக்கிறதோ அதையே, அது 29.97 என்றால் 29.97, கொடுத்து மாற்றிவிட்டுக் கொண்டுவாங்க. அப்புறமும் ஒன்றிரண்டு ஃப்ரேம் தள்ளினால் போன் கோணத்துக்கு வெட்டுகிற இடத்தில் மட்டும் சரி செய்தால் போதும், 22 நிமிடமும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

ரீல்ஸ் பற்றி, தம்பி, முடியாது என்று சொல்லாதீங்க, ஓசியிலும் செய்யாதீங்க. 4கே படத்தை 9:16க்கு வெட்டினால் 1215 பிக்சல் அகலம் மிஞ்சும், ரீல்ஸுக்கு வேண்டியது 1080, தாராளம். ஆனால் லைன் முழுவதையும் காட்டுகிற அகல ஷாட் செங்குத்தில் செத்துவிடும், குளோசப்தான் நிற்கும். ஒரு ரீலுக்கு இவ்வளவு, எத்தனை கரெக்‌ஷன் வரை இலவசம், மெயின் வீடியோ முடிந்து எத்தனை நாளில் தருவீர்கள் என்று மூன்று வரி எழுதி அப்பா, மகன் இரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்புங்கள். அப்பா ஒன்று சொல்லி மகன் ஒன்று சொல்லும் கம்பெனியில் நான் ஒரே வீடியோவை 11 முறை ஏற்றுமதி செய்திருக்கிறேன், பனியனை அல்ல.

தறிக்காரன் மகன்:
அண்ணே, கட்டிங் டேபிள் பக்கம் ஜன்னல்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! மூன்றடுக்கு வைத்தியத்தில் செக்கிங் ஷாட்டில் பாதி தேறிவிட்டது, ஓவர்லாக்கில் தைக்கிற அக்காவுக்கு ஆறு கை முளைத்துவிட்டது. ரீஷூட் கேட்க வெட்கமாக இருக்கிறது, என் தப்புதானே.

கோவை லைட்மேன்:
தப்பை ஒப்புக்கொண்டு ஓவர்லாக் லைனுக்கு மட்டும் அரை நாள் கேளுங்க, காசு கேட்காதீங்க. ஷிப்மென்ட் அனுப்புகிற நாளில் போகாதீங்க, யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது எடுக்காதீங்க, 50 ஹெர்ட்ஸ் சில நேரம் அங்கே இங்கே நகரும். முதல் கிளிப்பை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை எடுங்க.

தறிக்காரன் மகன்:
புதன்கிழமை காலை போய் வந்தேன். 1/50, ஒரு பட்டைகூட இல்லை. 100 ஃப்ரேம் ஊசி ஷாட் முதலாளிக்கே பிடித்துவிட்டது, வீடியோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். பேட்டி சேர்ந்துவிட்டது. மூன்று வரியும் அனுப்பினேன் அக்கா, மகன் இன்னும் பதில் போடவில்லை, அப்பா மட்டும் "ரெண்டு ரீல் போதும்" என்று எழுதியிருக்கிறார்.