விஸ்டம் போகும் வழியில் ஒரு ஹார்ன்

பயணத்தில் மாட்டைச் சந்தித்த அனுபவம் என்றாலே, மாடு வழிமறித்த கதையாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். என் கதையில் மாட்டை மறித்தவன் நான்.

இடம், அமெரிக்காவின் மொன்டானாவில் பிக் ஹோல் பள்ளத்தாக்கு. 6,000 அடி உயரம், சுற்றிலும் மலை, நடுவே கண்ணுக்கெட்டிய வரை புல். கோடையில் மலைக்காட்டில் மேய்ந்த மாடுகளை அக்டோபரில் கீழே இறக்குவார்கள். அது தெரியாமல் 43-ஆம் நெடுஞ்சாலையில் விஸ்டம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு திரும்பினால் சாலை முழுக்கக் கறுப்பு மாடுகள், என்னைப் பார்த்து வருகின்றன. இருநூறாவது இருக்கும்.

ஹார்ன் அடித்துத் தொலைத்தேன். லேசாகத்தான். ஒரு கன்று மிரண்டு, திறந்து கிடந்த கேட் வழியாக யாருடைய வயலுக்குள்ளோ ஓடியது. பின்னாலேயே தாய், அதன் பின்னால் இன்னும் ஏழெட்டு.

குதிரையில் வந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. திட்டப்போகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். "இறங்குங்க. அங்கே போய்க் கையை விரிச்சுக்கிட்டு நில்லுங்க." அவ்வளவுதான் சொன்னார். மந்தை கடந்து போனதும், வயலிலிருந்து வெளியே வருபவை மறுபடி மலைப்பக்கம் திரும்பாதபடி சாலை நடுவே நான்தான் வேலி. ஒரு மாடு ஆறடி தள்ளி நின்று, மூக்கில் ஆவி பறக்க என்னையே பார்த்தது. கத்தக் கூடாது, முறைக்கவும் கூடாதாம். கடைசியில் அதுவே சலித்துப்போய்த் திரும்பியது. இருபது நிமிடம்!

அப்புறம் பேச்சு சகஜமானது. வயலில் ஏணி சாய்த்தது போல நின்ற பெரிய மரச்சட்டம் என்ன என்று கேட்டேன். பீவர்ஸ்லைடு. இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து 1910-இல் காப்புரிமை வாங்கிய சாதனம். கூடை நிறைய உலர்புல்லை வைத்துக் கம்பி வடத்தால் சரிவில் மேலே இழுத்தால், உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் கொட்டும். புற்போர் தானாக உயரும். அன்று குதிரை இழுத்தது, இன்று பழைய டிரக். மாடு ஒன்றுக்குக் குளிர்காலத்தில் தினம் 10, 12 கிலோ புல் வேண்டுமே! பலர் இயந்திரத்தால் புல்லைக் கட்டுக்கட்டும் முறைக்கு மாறிவிட்டார்கள். இவர் மாறவில்லை. போருக்குள் கையை விட்டு ஒரு பிடி உருவி முகர்ந்து பார்க்கச் சொன்னார். மேலே சாம்பல் நிறம், உள்ளே இன்னும் பச்சை வாசம்.

விஸ்டம் என்றால் ஞானம். 1805-இல் அமெரிக்க மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர், அன்றைய அதிபர் ஜெபர்சனின் குணத்தை நினைத்து இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுக்கு வைத்த பெயர் அது. ஆற்றுக்குப் பெயர் மாறிவிட்டது, ஊர் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அன்று அது கொஞ்சம் பற்றாக்குறை.

வழி முழுக்க என் போனில் சிக்னலே இல்லை. நூறு பேர் அளவில் வாழும் அந்த ஊரில் காபி குடிக்க ஒரு கடையில் நுழைந்தேன். கோப்பையை வைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "ஹார்ன் அடிச்சவர் நீங்கதானே?"