மேட்டூர் அணையில் மூழ்கிய ஊரின் பழைய வரைபடம் தேடுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்காகப் பண்ணவாடிப் பக்கம் மக்கள் காலி செய்துவிட்டுப் போன சிற்றூர்களுள் ஒன்றில்தான் என் பாட்டனார் பிறந்தார். நீர் வற்றும்போது தலைகாட்டும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியைப் பார்க்கப் பலரும் வருகிறார்கள். நானோ அதற்கப்பால் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் ஒரு கிணற்றின் சுற்றுக்கல்லை வைத்து எங்கள் தெரு இருந்த இடத்தைக் கண்டறிய முயல்கிறேன். கைவசமுள்ள கிராம வரைபட நகலில், மடிப்புக் கிழிந்த இடத்தில், சரியாக நத்தத்தை (ஊர்க் குடியிருப்புப் பகுதியை) ஒட்டிய புல எண்கள்தான் அழிந்துபோயுள்ளன. அணைக்கு முந்தைய, ஒரு மைலுக்கு ஓர் அங்குல அளவிலான இந்திய நில அளவைத் துறை வரைபடத்தையோ நிலவரி நிர்ணயத்துக்கான செட்டில்மென்ட் பதிவேட்டையோ எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்தவர்கள், எந்தத் தாலுகாவின் கீழ் தேட வேண்டும், விண்ணப்பத்தில் எதையெல்லாம் குறிப்பிட வேண்டும் என்று தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.