புதுப்பிப்பு: 'ரூமர்ஸ்' பதிவில் தேய்ந்த டேப்பும் விடுபட்ட பாட்டும்

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழு 1976-ல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ ஊர் ஸ்டூடியோவில் 'ரூமர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்ததை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "பேசிக்கொள்ளாதவர்கள் எப்படிச் சேர்ந்து வாசித்தார்கள்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

வாசிப்பு நிற்கவே இல்லை என்பதுதான் பதில். கிறிஸ்டின் மெக்வி தன் புதுக் காதலைப் பற்றி எழுதிய பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர், அவரிடமிருந்து பிரிந்த கணவர் ஜான். அது தன் நாயைப் பற்றிய பாட்டு என்று கிறிஸ்டின் அவரிடம் சொல்லிவைத்திருந்தாராம்! இன்னொரு ஜோடி, ஸ்டீவி நிக்ஸும் லின்ட்சி பக்கிங்ஹாமும். பக்கிங்ஹாமை நினைத்து ஸ்டீவி எழுதிய 'ட்ரீம்ஸ்' பாட்டை மெருகேற்றியவர் அதே பக்கிங்ஹாம். எனக்கு இதுதான் அந்த ஆல்பத்தின் மிகப் பெரிய விஷயம்.

டேப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே மேலே பதிவு செய்து ஓட்டியதில் காந்தப் பூச்சு உதிர்ந்து, டிரம்ஸ் ஒலி மங்கிவிட்டது. நல்லவேளை, அடிப்படை வாசிப்பு இன்னொரு டேப்பிலும் இருந்தது. இரண்டையும் காதால் கேட்டுக் கேட்டே கையால் இணைத்தார்கள். கணினி இல்லாத காலம்!

ஸ்டீவியின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' மட்டும் இசைத்தட்டில் இடம் போதாமல் வெளியே போனது. அது அவருக்குப் பெரிய காயம். பக்கிங்ஹாம் அவரைப் பற்றி எழுதிய பாட்டின் தட்டிலேயே, மறுபக்கத்தில் அதைப் போட்டார்கள். 1997 மேடைப் பதிவில் ஸ்டீவி பக்கிங்ஹாமைப் பார்த்தபடியே அதைப் பாடுகிறார். அவசியம் பாருங்கள்.