வடதுருவ ஒளி காண வழிகாட்டியுடன் செல்லும் இரவுப் பயணம்: 66 வயது அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: கல்லடிப் பாலத்தடி

வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். ஒஸ்லோவில் குடும்பத்துடன் இருக்கும் அண்ணா, அடுத்த ஆண்டு ஜூலை மாதம் தனக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதால் அம்மாவையும் என்னையும் அப்போது வரும்படி அழைத்திருக்கிறார். அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பாடப் புத்தகத்தில் இருந்த மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டியே அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளுக்கு விளக்கிய வடதுருவ ஒளியை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நோர்வேயின் வடக்கே உள்ள ட்ரொம்சோ நகரத்திலிருந்து வழிகாட்டியுடன் வாகனத்தில் அழைத்துச் செல்லும் இரவுப் பயணங்கள் இருப்பதாக அறிந்தேன். ஓர் ஆளுக்கு 1000 குரோனருக்கு மேல் கேட்கிறார்கள். மூவருக்கென்று கணக்குப் பார்த்தால் நமது பணத்தில் தலை சுற்றுகிறது. அண்ணா வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்டிச் செல்லலாம் என்கிறார். வழிகாட்டி உண்மையில் தேவைதானா? முழங்கால் வலியுள்ள அம்மா அந்தக் குளிரைத் தாங்குவாரா? பணம் கட்டிய இரவில் ஒளி தோன்றாவிட்டால் என்ன செய்வார்கள்? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஆரையம்பதியான்

சகோதரிக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக ட்ரொம்சோவில் வசிப்பவன். ஊரிலிருந்து வருகிறவர்களை இந்தப் பயணங்களுக்கு அனுப்பியும், சில தடவைகள் கூடவே போயும் பழகியவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஜூலைப் பயணச்சீட்டை வாங்கிவிடாதீர்கள். இங்கே மே மாதப் பிற்பகுதியிலிருந்து ஜூலைப் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அதன் பின்னரும் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை நள்ளிரவில்கூட வானம் வெளிறியே இருக்கும். ஒளி அப்போதும் மேலே இருக்கக்கூடும், ஆனால் பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுவதைப் போன்றதே அதைத் தேடுவது. செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் பருவம். அம்மாவின் உடல்நிலையை எண்ணினால் செப்டெம்பர் பிற்பகுதியோ மார்ச் மாதமோ நல்லது என்பது என் எண்ணம். இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் அந்த நாட்களில் புவியின் காந்தப்புலம், இந்த ஒளியை உண்டாக்கும் சூரியக் காற்றால் (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களால்) குழப்பமடைவது சராசரியாகச் சற்றுக் கூடுதல். குளிரும் நடுமாரியைவிடக் குறைவு. டிசம்பரில் வந்தால் சூரியன் அடிவானத்துக்கு மேலே எழாத நாட்களாக இருக்கும். அந்த நீல இருட்டு எல்லோருக்கும் ஒத்துவராது.

இனி வழிகாட்டி தேவையா என்ற கேள்வி. ட்ரொம்சோ 69 பாகைக்கும் மேற்பட்ட வட அகலாங்கில், துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையப் பகுதியின் கீழேயே இருக்கிறது. எனவே ஒளி தோன்றுவது இங்கே அபூர்வமன்று. அதை மறைக்கும் முகில்தான் பகை. கடலோர நகரமாதலால் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று முகிலை மலைகளில் கொண்டுவந்து நிறுத்திவிடும். நகரத்தின் மேல் பனிமழை பொழிகிற அதே இரவில், மலைகளுக்கு அப்பால் உள்ள ஸ்கிபொட்ன் பள்ளத்தாக்கிலோ, இன்னும் தள்ளி பின்லாந்து எல்லையைத் தாண்டிய கில்பிஸ்யார்வியிலோ வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். நல்ல வழிகாட்டி மாலை முழுவதும் செய்மதிப் படத்தையும் முகில் முன்னறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இருப்பார்; எந்தத் திசையில் ஓடுவது என்பதைப் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் முடிவு செய்வார், தேவைப்பட்டால் நடுவழியில் திரும்பவும் செய்வார். நீங்கள் கொடுக்கும் பணம் அவருடைய அந்தக் கணிப்புக்கும் ஓட்டத்துக்குமே தவிர, ஒளிக்கு அல்ல. நமது கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்து மீன்பாட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. தோணிக்காரர் நீர் அசையாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார், மீனுக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார்.

ஆகவே பதிவு செய்யும்போது, அது ஒரே இடத்தில் முகாமிட்டுக் காத்திருக்கும் பயணமா, முகிலில்லாத இடத்தைத் துரத்திச் செல்லும் பயணமா என்று கேளுங்கள். முகாமில் கூடாரமும் நெருப்பும் வசதியும் இருக்கும், ஆனால் அங்கே முகில் மூடினால் அன்றிரவு முடிந்தது. பெரிய பஸ்ஸில் ஐம்பது பேருடன் செல்வது மலிவு. சிறிய வான் வண்டி விலை கூடியது, ஆனால் சிறு பாதைகளிலும் நிறுத்தலாம், இருக்கையில் இருந்தபடியே அம்மா காத்திருக்கலாம். ஒளி காணாவிட்டால் பணத்தைத் திருப்புவார்களா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். வானிலை மிக மோசமாக இருந்தால் புறப்படாமலே பணத்தைத் திருப்புவோர் உண்டு. மறுநாள் பயணத்துக்கு விலை குறைப்போர் உண்டு. எதுவும் தராதவர்களும் உண்டு. குறைந்தது மூன்று அல்லது நான்கு இரவுகள் தங்குங்கள், பயணத்தை முதல் இரவுக்கே பதிவு செய்யுங்கள். முதலாவது தவறினால் இரண்டாவதற்கு இடம் இருக்கும்.

குளிர் பற்றி: கடலின் வெப்ப நீரோட்டத்தால் ட்ரொம்சோ நகரத்தின் ஜனவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே சில பாகைதான். உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் கழித்தல் 20 ஆகவும் அதற்குக் கீழேயும் இறங்கும். முழுநீளக் குளிரங்கியும் சப்பாத்தும் பெரும்பாலான பயணங்களில் அவர்களே தருவார்கள். உள்ளே அணிவது நம் பொறுப்பு: தோலோடு ஒட்டிக் கம்பளி உடுப்பு, ஒருபோதும் பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்துவிடும். அம்மாவுக்குச் சப்பாத்தின் அடியில் மாட்டும் முள் உறை ஒரு சோடி கட்டாயம் வாங்குங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குக் குளிரைவிட வழுக்கலே ஆபத்து.

பதில் 2: சாய்ந்தமருது வாசகி

நானும் கணவரும் ஒரு பெப்ரவரியில் போனோம். ஆரையம்பதியான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுடன் உடன்படுகிறேன், எவரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாங்கள் முதலில் கண்டது பச்சை நிறமே அல்ல. அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட முகில் போல ஏதோ கிடந்தது. வழிகாட்டி அதுதான் ஒளி என்றபோது, ஏமாற்றுகிறாரோ என்றுகூட நினைத்தேன். அவருடைய கெமராவில் அதே முகில் கொழுந்து வாழையிலைப் பச்சையாக விழுந்தது. மங்கலான வெளிச்சத்தில் நமது கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் குறைவு, கெமராவோ பல விநாடிகள் ஒளியைச் சேர்த்து வைக்கிறது என்பதைப் பிறகு விளங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து அது திடீரெனப் பிரகாசமாகித் திரைச்சீலை போல அசையத் தொடங்கியதும் பச்சையும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. இணையத்தில் கண்ட படங்களை மனதில் வைத்துக்கொண்டு போகவேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும், ஒரு தடவை தொலைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாப்பாடு: எங்கள் பயணத்தில் மானிறைச்சிச் சூப் கொடுத்தார்கள், மரக்கறி உணவு வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதியிருந்ததால் எங்களுக்குத் தனியாகக் கிடைத்தது. கழிப்பறை, வழியில் நிறுத்தும் எரிபொருள் நிலையத்தோடு சரி. அதன் பிறகு பல மணி நேரம் வெட்டவெளிதான். மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு அதிகாலை இரண்டு மணிக்குத் திரும்பினோம். சீனி வருத்தமோ சிறுநீர்த் தொல்லையோ உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பதில் 3: வாழைச்சேனை பெரியவர்

பிள்ளை, நான் எண்பதுகளின் பிற்பகுதியில் நோர்வேக்குப் போய், வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். நம் ஆட்கள் அங்கே நிறையப் பேர் இருந்தோம். இரவு வேலை முடிந்து, கை விறைத்து, மீன் மணத்தோடு வெளியே வரும்போது தலைக்கு மேலே அது ஆடிக்கொண்டு நிற்கும். முதல் மாரியில் நின்று பார்த்தோம், இரண்டாவது மாரியில் தலையைக் குனிந்துகொண்டு அறைக்கு ஓடினோம். இதைப் பார்க்க ஆட்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். முகில் இல்லாத இரவாக இருந்தால், நகர வெளிச்சத்தைத் தாண்டிப் போனாலே போதும், வழிகாட்டி எதற்கு என்பதே இன்றும் என் கருத்து.

ஆனால் உன் அண்ணா கார் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒஸ்லோவில் ஓட்டியவர் என்பது வேறு. இரவில், பனி இறுகிக் கண்ணாடி போலக் கிடக்கும் மலைப்பாதையில், வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு ஓட்டுவது வேறு. மான் கூட்டம் வீதியில் வந்து நிற்கும். ஒதுக்கி நிறுத்த இடமில்லாமல் வெளிநாட்டுக்காரர்கள் வீதியோரத்திலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காரணத்துக்காக மட்டும் வழிகாட்டியின் வான் வண்டியில் போங்கள்.

உன் அம்மா பூகோள ரீச்சர் என்றதால் இன்னொன்று. இந்த ஒளியின் காரணத்தை ஆராய்ந்த பேர்க்லாந்து என்ற விஞ்ஞானியின் படம் பழைய 200 குரோனர் தாளில் இருந்தது. காற்று வெளியேற்றிய பெட்டிக்குள் காந்தமேற்றிய ஓர் உருண்டையைப் பூமியாக வைத்து, அதன் துருவங்களைச் சுற்றி ஒளி வரச் செய்து காட்டியவர். அல்டா நகருக்குப் பக்கத்தில் ஹல்டே மலையுச்சியில் அவர் காலத்து அவதான நிலையம் இன்னும் நிற்கிறது. புதிய 200 குரோனர் தாளில் அவர் இல்லை. கொட் மீன் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருத்தந்தான்.

கேட்டவர்: கல்லடிப் பாலத்தடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பெரியவர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேர்க்லாந்தின் பெயரைக் கேட்டதும் எனக்கே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்: காந்த நடுக்கோடு இலங்கைக்கு அருகால் செல்வதால்தான் நமக்கு இந்த ஒளி கிட்டாது என்றும், பச்சை ஒளி எழும் உயரம் ஏறத்தாழ மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குள்ள தூரம், அதாவது 100 கிலோமீற்றருக்கு மேல் என்றும், சிவப்பு அதற்கும் மேலே 200 கிலோமீற்றரைத் தாண்டி என்றும், இரண்டுமே ஒட்சிசனின் வேலைதான் என்றும் இரவுச் சாப்பாடு வரை நீண்டது. அண்ணாவிடம் பேசி ஜூலையைக் கைவிட்டோம், மார்ச் மாதம் நான்கு இரவுகள் ட்ரொம்சோவில் தங்குவதாக முடிவு. ஒரேயொரு சந்தேகம்: கே.பி. என்று 0 முதல் 9 வரை ஓர் எண் காட்டும் செயலியை அண்ணா இறக்கியிருக்கிறார். பெரும்பாலான நாட்களில் 2 என்றே இருக்கிறது. பயணத்தை 5 வரும் நாளுக்குத் தள்ளிப்போடவா?

பதில் 4: ஆரையம்பதியான்

தள்ளிப்போட வேண்டாம். அந்த எண் உலகம் முழுவதற்குமான காந்தக் குழப்பத்தைக் காட்டுவது. அது 5ஐத் தாண்டுவது தெற்கே இருப்பவர்களுக்கு முக்கியம். 2024 மே மாதப் பெரும் காந்தப் புயலில் அது 9ஐத் தொட்டபோதுதான் இந்தியாவின் லடாக்கில் உள்ள ஹன்லேயிலிருந்தும் சிவப்பு ஒளியைப் படமெடுத்தார்கள். ட்ரொம்சோவில் 1 அல்லது 2 இருந்தாலும் வானம் தெளிவாக இருந்தால் போதும். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் துகள் கூட்டம் பூமிக்கு வந்துசேர ஒன்று முதல் மூன்று நாட்கள் எடுக்கும். எவ்வளவு வலுவாக மோதும் என்பதை 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் விண்கலங்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் முன்கூட்டிச் சொல்லும். ஆகையால் பல வாரங்களுக்கு முன்பே நாள் பார்ப்பதில் பயனில்லை. அண்ணா செயலியைக் கவனிப்பதைவிட முகில் முன்னறிவிப்பைக் கவனிக்கட்டும். நிலாவைப் பற்றியும் கவலை வேண்டாம்: மெல்லிய ஒளியை அது சற்று மங்கச் செய்யும், ஆனால் பனிமலைகளைக் காட்டித்தரும்.

இன்னொன்று, பலர் மறந்து வழியில் தவிப்பது. முகில் பார்த்து வான் பின்லாந்துக்குள் போகக்கூடும். எல்லையில் பெரும்பாலும் நிறுத்தமாட்டார்கள், உங்கள் ஷெங்கன் விசா இரு நாடுகளுக்கும் செல்லும்; ஆனாலும் அம்மாவின் கடவுச்சீட்டும் உங்களுடையதும் விடுதி அறையில் அல்லாமல் கையோடு இருக்க வேண்டும். சில வழிகாட்டிகள் கடவுச்சீட்டு இல்லாதவர் ஒருவர் இருந்தாலும் எல்லையைத் தாண்டுவதில்லை, அன்று அந்தப் பக்கத்தில் மட்டுமே வானம் திறந்திருந்தால் வண்டியில் வந்த எல்லோரும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியிருக்கும். தொலைபேசியின் மின்கலம் குளிரில் விரைவில் இறங்கும் என்பதால் அதையும் கடவுச்சீட்டோடு சேர்த்து உள்சட்டைப் பையில் வையுங்கள்.