ஏழு என்று எழுதியது சரியா?

மொட்டைமாடிக்காரி, மதுரை

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்து பத்து நாளாகிறது, இது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் மண்தட்டில் கம்பும் குருணையும் வைப்பேன், பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. மாட்டுப் பொங்கல் அன்று காலை ஏழே காலுக்குப் பதினைந்து நிமிடப் பட்டியலை ஆரம்பித்தேன். மைனா 4, புள்ளிப்புறா 2, அப்புறம் எங்கள் தவிட்டுக்குருவிக் கூட்டம். அவற்றை மூன்று வருடமாகத் தெரியும். எண்ணினேன், 7. எழுதிவிட்டு நிமிர்ந்தால் கொல்லையே சத்தமில்லாமல் கிடக்கிறது. அணில்கூட தண்டோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. மதிலைத் தாண்டிச் சாம்பல் நிறத்தில் ஏதோ தாழ்வாக வந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். தட்டு கவிழ்ந்து கம்பு சிதறியது. வைரி என்கிற வேட்டைப்பறவையின் காலில் ஒரு தவிட்டுக்குருவி.

பக்கத்து வீட்டு மாடிக் கைப்பிடியில் போய் உட்கார்ந்து, பிடித்ததை இறக்கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. கண் அப்படியொரு சிவப்பு. மீதி ஆறும் கிளைக்குக் கிளை தாவிப் போட்ட கூச்சல் வெகுநேரம் ஓயவில்லை. நான் 7-ஐ மாற்றாமல், வைரி 1 என்றும் சேர்த்து, பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிட்டேன். ஏழு என்று எழுதியது சரியா? அதைவிட, நான் தட்டு வைத்ததால்தானே அது அங்கே இறங்கியது?

ஆற்றங்கரை, திருநெல்வேலி

ஏழுதான் அக்கா, சந்தேகமே வேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் உயிரோடு பார்த்தது ஏழு.

எனக்கு இப்படி மனதில் நிற்பது ஒரு காக்கா. அம்மா தினமும் சாப்பிடும் முன் மதிலில் ஒரு கை சோறு வைப்பார்கள். போன ஆடி மாதம் ஒரு காக்கா சோற்றை எடுத்துத் தான் தின்னாமல், பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த குஞ்சுக்கு ஊட்டுகிறது. உற்றுப் பார்த்தால் அது குயில் குஞ்சு. காக்கா ஒவ்வொரு பருக்கையாக அதன் தொண்டைக்குள் வைத்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது. அம்மா அதைப் பார்த்து இன்னொரு கை சோறு கொண்டுவந்து வைத்தார்கள், ஒன்றும் பேசவில்லை. இதெல்லாம் இன்னும் எத்தனை நாளுக்கோ, செல்போன் டவர் வந்து சிட்டுக்குருவியை அழித்த மாதிரி எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ஸ்கார்பரோ யன்னல்

தங்கச்சி, இங்கே கனடாவில் நாங்கள் செய்யும், தீனிக்கு வரும் பறவைகளை எண்ணும் ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்பிலும் அதே விதிதான்: ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கை. ஒரே குருவி பத்துத் தரம் வந்துபோனாலும் ஒன்றுதான். தீனிக்கு வந்த பறவைகளைத் தேடி வரும் வல்லூறையும் சேர்த்து எழுதச் சொல்லுவார்கள். 1976-இல் இதே ஒன்டாரியோவில் தொடங்கின வேலை, பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வட அமெரிக்கா முழுக்க ஆக்கினவர்கள். நவம்பரில் இருந்து வசந்தம் வரை, அடுத்தடுத்த இரண்டு நாள் பார்த்து எண்ண வேண்டும்.

என்னை உறுத்துவது ஹவுஸ் ஃபிஞ்ச் என்கிற இந்த ஊர்க் குருவி ஒன்று. நெஞ்சு சிவந்த ஆண். பனி கொட்டின ஒரு சனிக்கிழமை, எல்லாம் பறந்துபோன பிறகும் அது மட்டும் தீனிக்குழாயில் இருந்தது. கதவைத் திறந்தேன், போகவில்லை. கிட்டப் போனால் ஒரு கண் வீங்கி மூடி, ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மற்றக் கண்ணும் பாதிதான் திறந்தது. விதையைத் தேடி அலகால் குழாயின் வெறும் பக்கத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. அந்தக் கண்நோய் கோழிகளில் இருந்து வந்த பாக்டீரியாவின் வேலை, 1994-இல் வாஷிங்டன் பக்கம் இந்தக் குருவிகளில் முதலில் கண்டது, தீனிக்குழாயில் நெருங்கி இருந்து தின்னும்போது ஒன்றில் இருந்து ஒன்றுக்குத் தொற்றும். நான் குழாயைக் கழுவி ஒரு மாதத்துக்கு மேல். அன்றைக்கே கழற்றிவிட்டேன். பிறகு அந்தக் குருவியைக் காணவில்லை.

கம்புதினை, கோவை

ஆற்றங்கரை தம்பி, டவர் கதையை இனிமேல் பரப்பாதீர்கள், இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில், இ-பேர்ட் பதிவுகளை வைத்துப் பார்த்து, சிட்டுக்குருவி நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 25 வருடங்களுக்கு மேலாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். டவர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூடு கட்டப் பொந்து இல்லாத வீடு, குஞ்சுக்குப் பூச்சி கிடைக்காத தோட்டம், இதையெல்லாம் பேசுங்கள். இந்த அக்கா மாதிரி ஆட்கள் உட்கார்ந்து எண்ணுவதால்தான் இப்படி ஒரு அறிக்கையே வருகிறது.

சோறு வைப்பதானால் உப்புப் போடாத சோறு, அதுவும் வெயிலில் புளிக்கும்வரை கிடக்கக் கூடாது. கம்பு, தினை, உடைத்த சோளம், நெல் நல்லது, மிக்சர் வேண்டவே வேண்டாம். தண்ணீர்ச் சட்டி இரண்டு விரற்கடை ஆழம் போதும், நடுவில் ஒரு கல், தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு. தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து வையுங்கள். கண்ணாடி ஜன்னல் இருந்தால் தட்டு அதற்கு மூன்றடிக்குள் இருக்கட்டும், அல்லது முப்பதடி தள்ளி இருக்கட்டும். நடுத்தரமான தூரம்தான் ஆபத்து, பறவை முழு வேகத்தில் வந்து மோதும். வைரி வந்த வீட்டில் தட்டைப் புதர் ஓரமாக மாற்றினால் ஒளிய இடம் கிடைக்கும். ஆனால் புதரை ஒட்டியே வைத்தால் பூனை. பத்தடி தள்ளி வையுங்கள்.

என் அனுபவம் என்றால், எங்கள் ஜன்னலில் மோதி ஒரு செம்புழைக் கொண்டைக்குருவி என் உள்ளங்கையிலேயே உயிரை விட்டது. அதற்குப் பிறகு படித்ததுதான் இவ்வளவும்.

நாஞ்சில்காரன்

அக்டோபரில் பல நிறமுள்ள ஆறுமணிக்குருவி வலசை வந்து இறங்குமே, அந்த ராத்திரிகளில் ஒன்று. விடிந்து பார்த்தால் மாட்டுத் தொட்டி ஓரம் தரையில் நிற்கிறது, அத்தனை நிறமும் ஈரமாக. வடக்கே எங்கிருந்தோ ராத்திரி முழுக்கப் பறந்து வந்த பறவை. பக்கத்தில் போனேன், நகரவில்லை. எங்கள் ஆச்சி கோழி மூடும் கூடையைக் கொண்டுவந்து பூனைக்குப் பயந்து மூடி வைத்தாள், சத்தம் போடாதேடா என்றாள். மாலை ஆறு மணிக்குக் கூடையைத் தூக்கினோம். வாழைக்குள் போய் இரண்டு தடவை கூப்பிட்டது. எனக்கு அன்றைக்கு எண்ணவோ எழுதவோ தெரியாது, ஒன்பது வயது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை என்பதுதான் என் குறை.

மொட்டைமாடிக்காரி, மதுரை

எல்லோருக்கும் நன்றி. 7 அப்படியே இருக்கட்டும். கம்புதினை அண்ணா சொன்னபடி தட்டைக் கழுவிக் காயவைத்து, செம்பருத்திச் செடியிலிருந்து பத்தடி தள்ளி வைத்தேன். ஸ்கார்பரோ அக்கா, நானும் கழுவி ரொம்ப நாளாகியிருந்தது.

இன்று காலையும் எண்ணினேன். ஐந்து தட்டில், ஒன்று முருங்கையின் உச்சிக் கிளையில். நான் பார்த்துக்கொண்டிருந்த பதினைந்து நிமிடமும் அது சாப்பிட இறங்கவே இல்லை, மதில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.