புதுப் படைப்பாளிகளுக்கு ஒரு மேடை: உங்கள் யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. குறும்படம், ஓவியம், காமிக்ஸ், இசை என்று இப்போதுதான் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். முதல் பாதியில் முடித்த படைப்புகளைக் காட்டுவார்கள். அடுத்த பாதியில், இனி செய்யப்போகும் திட்டத்தை விளக்கி, ஆளோ கருவியோ பணமோ தேவையானதைக் கேட்பார்கள்.

முதல் பாதிக்கு, 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையை எடுத்துக்கொண்டோம்: 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. படங்கள் தானாக நகர்வதால் யாரும் இழுத்தடிக்க முடியாது. கூச்சப்படுகிறவர்களுக்கும் அதே நேரம் கிடைக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சிக்கல் இரண்டாம் பாதியில். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கே ஆதரவு போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. வேலை அருமையாக இருந்தும் மேடையில் பேச்சு வராத பிள்ளைகள் எங்களிடம் நிறைய. ஒரு பக்கக் குறிப்பும் தோராயமான செலவுக் கணக்கும் முன்கூட்டியே வாங்கிப் பார்வையாளர்களிடம் கொடுத்தால் சரியாகுமா? வாக்கெடுப்பா, நடுவர்களா? இது போட்டியாக மாறிவிடக் கூடாது.

நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பட்ஜெட் எழுதவும் சபையில் பேசவும் ஒருநாள் பயிற்சி தர யாராவது முன்வந்தால் பேருதவியாக இருக்கும்.