பெர்லின் லாங்கே நாஹ்ட்: அந்த ராத்திரியில் யாரைச் சந்தித்தீர்கள்?

லாங்கே நாஹ்ட் என்றால் 'நீண்ட இரவு'. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மாலை 6 மணிக்குத் தொடங்கி அதிகாலை 2 மணிவரை பெர்லின் அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். ஒரே டிக்கெட்டில் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். முற்றங்களில் பாட்டு, ஆட்டம், நாடகம். 1997 பிப்ரவரியில் 12 அருங்காட்சியகங்களோடு இங்கே ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் மற்ற ஐரோப்பிய நகரங்களும் பிடித்துக்கொண்டன. எதைப் பார்க்கலாம் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். நான் கேட்பது வேறு: அங்கே யாரோடு பேசினீர்கள்? பகலில் "தொடாதீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிற ஆட்கள் அன்றைக்கு நின்று பேசுகிறார்கள். அதற்காகத்தான் நான் போகிறேன்.

என் கதை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்தது. உள்ளே போனதும் பெரிய கூடத்தில் ஜிராஃபடைட்டன் நிற்கும். 13.27 மீட்டர் உயரம். பொருத்தி நிறுத்திய டைனோசர் எலும்புக்கூடுகளில் உலகிலேயே உயரமானது. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டியாக நின்ற மாணவி எலும்பின் அளவை விட்டுவிட்டு, அதைச் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். 1909 முதல் 1913 வரை இன்றைய டான்சானியாவில் உள்ள டெண்டகுருவில் தோண்டியெடுத்தவை இவை. அப்போது அது ஜெர்மன் காலனி. ரயில் இல்லை, வண்டிப்பாதை இல்லை. உள்ளூர் ஆட்கள் தலையிலும் தோளிலும் சுமந்து, நான்கு நாள் நடந்து, லிண்டி துறைமுகத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

என் பக்கத்தில் ஒருவர் மகளைத் தோளில் உட்கார வைத்திருந்தார். "நாங்கள் லிண்டிக்காரர்கள்" என்றார். அதட்டலும் இல்லை, பெருமையும் இல்லை, சும்மா தகவல் சொல்வது போல. மாணவி சட்டென்று தன் மைக்கை அவரிடம் நீட்டிவிட்டாள். அவர் கூச்சப்பட்டு, அந்தப் பாதையில் இப்போது பேருந்து எவ்வளவு நேரம் எடுக்கும், மழைக்காலத்தில் எப்படிச் சேறாகும் என்று கொஞ்சம் பேசினார். எல்லோரும் கேட்டார்கள். அப்புறம் மகள் ஸ்வாஹிலியில் ஏதோ கேட்க, அவர் சிரித்துவிட்டார். என்ன கேட்டாள் என்றேன். "இதை எப்போது திருப்பிக் கொண்டுபோவார்கள் என்கிறாள்." மாணவியும் சிரித்தாள், ஆனால் பதில் சொல்லவில்லை.

கிழக்குப் பக்கம் எரிசாராயத்தில் ஊறும் மீன், பாம்புகளின் கண்ணாடி அறையையும் விடாதீர்கள். 2,76,000 ஜாடிகள்.

சரி, அடுத்தவர் சொல்லுங்கள்.

*

நாங்கள் பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் இருக்கிறோம், சொந்த இடம் யாழ்ப்பாணம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹும்போல்ட் ஃபோரம் அருங்காட்சியகத்துக்குப் போனோம். வெளியே நிற்கிற சாஞ்சி வாசலடியில் சரியான சனம். இந்தியாவில் இருக்கிற சாஞ்சிப் பெரிய பௌத்தத் தூபியின் கிழக்கு வாசலைக் கல்லிலேயே பிரதி செய்து 2022 கடைசியில் வைத்தது அது. ஏறக்குறைய 10 மீட்டர் உயரம்.

ஒரு வயதான ஜெர்மன் அம்மா என்னுடைய பொட்டைப் பார்த்துவிட்டு, "இந்தச் சிற்பத்தை விளக்குவீர்களா?" என்று கேட்டார். நாங்கள் சைவம், புத்தர் கதை எனக்கு அரைகுறை. அப்படியே சொன்னேன். அதற்குள் மகள், "அம்மா, குதிரைக்குக் குடை பிடிக்கிறார்கள், மேலே ஒருவரையும் காணேல்லையே" என்றாள். அவள் கேட்டதை ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் காட்டமாட்டார்கள், சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போகும் காட்சியில் வெறும் குதிரையும் குடையும்தான் அவர் என்று நிதானமாக விளக்கினார். தெரியாமல் கேட்டாரா, என்னைச் சோதித்தாரா என்று இன்னும் விளங்கவில்லை!

உள்முற்றத்தில் மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கியதும் சின்னவன் செருப்பைக் கழற்றிப்போட்டு ஆடினான். அந்த அம்மாவும்தான்.

*

எல்லாம் இவ்வளவு இனிமையாக இருக்காது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பிரபலமான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கதவை நெருங்கும்போது "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று மூடிவிட்டார்கள். முன்கூட்டியே ஓர் அறிவிப்பு வைத்திருக்கலாம்.

கோபத்தோடு நோயஸ் மியூசியத்துக்கு நடந்தேன். நள்ளிரவு தாண்டியதால், பழைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை இருக்கும் அறையில் ஆறேழு பேர்தான். அங்கே படமெடுக்கக் கூடாது. பகலில் காவலர் அதைச் சொல்லியே களைத்துப்போவார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. "இடது கண்ணைப் பாருங்கள்" என்று அவரே அழைத்துக் காட்டினார். வலது கண்ணில் கருமணி உண்டு, இடது கண்ணில் இல்லை. விழுந்துவிட்டதா என்றேன். "1912-இல் தோண்டி எடுத்தபோதே இப்படித்தான். தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. நான் தினமும் இவளோடு நிற்கிறேன், எனக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்றார். பெரிய இடங்களுக்கு 12 மணிக்கு மேல் போங்கள்.

*

நான் கலைக்கெல்லாம் போகிற ஆள் இல்லை. கார்ல் மார்க்ஸ் அல்லீயில் இருக்கும் கணினி விளையாட்டு அருங்காட்சியகத்தில் பெய்ன்ஸ்டேஷன் என்று ஒரு மேஜை இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று, திரையில் பந்தைத் தட்டும் பழைய பாங் விளையாட்டை ஆட வேண்டும். இடது கை ஒரு தகட்டின் மேல். பந்தைத் தவறவிட்டால் சூடு, ஷாக், சின்னச் சாட்டையடி. யார் முதலில் கையை எடுக்கிறாரோ அவர் அவுட்.

எனக்கு எதிரே வந்து நின்றவருக்கு எழுபது வயதாவது இருக்கும். கைப்பையைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்தார். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாட்டை விழுந்தபோது அவர் கண் இமைக்கவில்லை. நான் கத்திக்கொண்டு கையை எடுத்தேன், கூட்டம் கைதட்டியது பாட்டிக்கு. "நாற்பது வருஷம் பேக்கரி அடுப்பு" என்று உள்ளங்கையைக் காட்டினார்.

அண்ணா, இந்த முறை நாமெல்லாம் சேர்ந்து போனால் அங்கேயும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்து அக்காவை எதிரே நிற்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை, நீங்களே நில்லுங்கள்.